என்டர் தட்டச் சொன்னது நான்தான்

முரளி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட்டுவிட்டுப் போனதிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்காரப் பிடிக்கவில்லை. அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், வாசலில் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். "என்னம்மா இது, வீட்டுக்குள்ளயே வாக்கிங் போற?" என்று உன் அப்பா கேலி செய்கிறார். அவரிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன்னிடம்தான் பாக்கி. நேரில் சொன்னால் நீ "அம்மா, ப்ளீஸ், அதெல்லாம் வேற காலம்" என்பாய், நான் கத்துவேன், நீ செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். நம் இருவருக்கும் பொறுமை எவ்வளவு என்று ஊருக்கே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். நாளைக் காலை நானே பஸ் பிடித்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வந்து, நீ தங்கியிருக்கிற பிஜி ஹாஸ்டல் வாசலில் இதைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். மேம்பால வேலையில் ஓசூர் ரோடு எத்தனை மணி நேரம் மறித்தாலும் சரி, திங்கட்கிழமைக்கு முன்னால் இது உன் கையில் இருக்க வேண்டும்.

அன்றைக்கு நீ எவ்வளவு சந்தோஷமாகப் பேசினாய்! கூரியர் கம்பெனி ஒன்றுக்காக நீயே முழுதாகப் போட்ட முதல் திட்டம். கம்பெனியின் கம்ப்யூட்டர்களில் குவிந்து கிடக்கிற விவரங்களையெல்லாம் ஒன்று சேர்த்து, எங்கே என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று மேலே இருப்பவர்களுக்குப் படம் போட்டுக் காட்டுகிற வேலை. பிசினஸ் இன்டெலிஜென்ஸ் என்று நீ சொன்னபோது உன் அப்பா ஏதோ உளவுத்துறை என்று நினைத்துக்கொண்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் அந்தக் கிடங்கு விஷயத்தை எடுத்தாய். சேராமல் திரும்பி வருகிற பார்சல்களுக்குக் காரணம் என்ன என்று கம்ப்யூட்டரில் ஏற்ற ஒன்பது பேர் இருக்கிறார்கள், பார்த்தால் முக்கால்வாசி 'மற்றவை' என்றே போட்டிருக்கிறார்கள் என்றாய். "டேட்டா போடறவங்க சுத்த கேர்லெஸ்மா. ஆளையே மாத்தணும்னு ப்ளான்ல எழுதிட்டேன். அடுத்த திங்கக்கிழமை மீட்டிங்ல கொடுத்துடுவேன்."

நான் ஒன்றுதான் கேட்டேன். "அந்த 'மற்றவை'யை அவங்களா தேடிப் போடறாங்களா?"

"இல்லம்மா, ஸ்கிரீன் திறக்கும்போதே அதுதான் நிக்கும். அதை மாத்தறதுக்குக்கூட சோம்பேறித்தனம், பாரேன்."

நீ மோருக்குத் தட்டை நீட்டினாய், நான் ரசத்தை ஊற்றினேன். நீ சிரித்தாய். அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். வயசெல்லாம் இல்லையடா. 'கேர்லெஸ்' என்ற அதே வார்த்தையை, அதே விஷயத்துக்கு, நான் ஒரு கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

தொண்ணூற்றொன்றில் உன் அப்பாவுக்கு மாற்றலாகி, வேலூரிலிருந்து மூட்டை முடிச்சோடு இந்த ஊருக்கு, காக்ஸ் டவுனுக்கு வந்தோம். உனக்கு அப்போது ஏழு வயது. நான் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து, பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு மிக்ஸி கம்பெனியில் சேர்ந்தேன். காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நான் ஓடுவதும், பின்னாலேயே நீ டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதும் உனக்கு நினைவிருக்கும். இரண்டாயிரம் பிறந்தால் பழைய கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் தேதி குழம்பிவிடும் என்று எல்லாரும் பயந்த நேரத்தில், எங்கள் கம்பெனியும் புது சாஃப்ட்வேர் வாங்கியது. அதைப் போடுகிற பொறுப்பு எனக்கு. கம்பெனியிலேயே அவ்வளவு பெரிய வேலையைப் பார்த்த பெண் நான் ஒருத்திதான், அந்தத் திமிர் கொஞ்சம் இருந்தது. கொஞ்சமா? நிறையவே இருந்தது.

என்னென்ன ரிப்போர்ட் வேண்டும் என்று திட்டம் போட உட்கார்ந்தோம். டைரக்டரைக் கேட்டேன், சேல்ஸ் ஆட்களைக் கேட்டேன், இன்ஜினியர்களைக் கேட்டேன். ஏ.சி. அறையில் டீயும் பிஸ்கட்டுமாக மூன்று வாரம் போனது. மிக்ஸி ஏன் திரும்பி வருகிறது என்ற பட்டியலை இன்ஜினியர்கள் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார்கள். ஜார் உடைந்தது, பிளேடு தேய்ந்தது, சுவிட்ச் வேலை செய்யவில்லை, இப்படிப் பதினொன்று. பன்னிரண்டாவதாக நான் 'மற்றவை' சேர்த்தேன். திரும்பி வருகிற மிக்ஸியை உண்மையில் கையில் வாங்குகிற ஆள் கீழே சர்வீஸ் கவுன்ட்டரில் இருந்தாள். அவளைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஆள் ஸ்டெல்லா. ஆமாம், உனக்குத் தெரிந்த அதே ஸ்டெல்லா ஆன்ட்டிதான். கிறிஸ்துமஸுக்கு வருஷம் தவறாமல் லிங்கராஜபுரத்திலிருந்து நம் வீட்டுக்குக் கேக்கும் கல்கல் பலகாரமும் கொண்டுவருகிறாளே, அவள்தான். அப்போது அவள் எங்கள் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலையில் இருந்தாள். அவளிடம் ஒரு நீள நோட்டு இருக்கும். மிக்ஸியோடு வருகிறவர்கள் என்ன சொல்கிறார்களோ அதை அப்படியே எழுதிவைப்பாள். தமிழில் சொன்னால் தமிழில், கன்னடத்தில் சொன்னால் தமிழ் எழுத்திலேயே கன்னடம். 'வாசனே பர்த்தா இதே' என்று ஒரு வரி இருக்கும், ஏதோ வாசனை வருகிறது என்று அர்த்தம். 'இரண்டாம் தடவை மாவு அரைக்கும்போது கரிஞ்ச நாத்தம்' என்று ஒரு வரி. 'மருமகள் கெடுத்தாள் என்று மாமியார் சொல்கிறார், மிக்ஸி நன்றாகத்தான் இருக்கிறது' என்றுகூட ஒரு வரி பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது அது சிரிப்பாக இருந்தது.

புது ஸ்கிரீன் வந்த முதல் வாரமே வரிசை வாசல் வரை நின்றது. காரணம் போடாமல் ஸ்கிரீன் நகராது. ஸ்டெல்லா ஒவ்வொரு காரணமாகத் தேடிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து எனக்கு ஒரே நெருக்கடி. உடனே நான் போய் 'மற்றவை' தானாகவே வந்து நிற்கும்படி மாற்றிவிட்டேன். ஐந்து நிமிட வேலை. வரிசை குறைந்தது, எனக்கு நல்ல பெயர். அன்று மத்தியானம் அவள் என் மேஜைக்கு வந்தாள்.

"மேடம், ஸ்மெல் வருதுன்னு நிறைய பேர் சொல்றாங்க. அது லிஸ்ட்ல இல்லையே, எங்க போடறது?"

"அதெல்லாம் செகண்ட் பேஸ்ல பாத்துக்கலாம் ஸ்டெல்லா. இப்ப என்டர் தட்டிட்டுப் போயிட்டே இரு."

"நோட்டுல எழுதி வெச்சுக்கட்டுமா மேடம்?"

"ஐயோ, அது எதுக்கு டபுள் வேலை? நோட்டெல்லாம் இனிமே கூடாது. கம்ப்யூட்டர் வந்தாச்சு இல்ல?"

இவ்வளவுதான் பேசினோம். இந்த வேலையில் நீ இன்னும் முப்பது வருஷம் இருந்தாலும், செகண்ட் பேஸ், அதாவது இரண்டாம் கட்டம், என்ற ஒன்று எங்கேயாவது வந்து நீ பார்த்தால் எனக்கு ஒரு போன் போடு. ஒத்திப்போடுகிற எல்லாவற்றுக்கும் நாங்கள் வைத்த மரியாதையான பெயர் அது.

அதே வருஷம்தான் நீ ஒன்பதாவதில் கணக்கில் தொடர்ந்து மார்க் இழந்தாய். உன்னை நிற்கவைத்து நான் கேட்டதை நினைத்துப் பார். "டிவியா? கிரிக்கெட்டா? கூட்டாளிங்களா? எதுன்னு சொல்லு." நீ "ஒண்ணுமில்லம்மா" என்றாய். நான் திரும்பவும் அதே மூன்றைத்தான் கேட்டேன். நீ திரும்பவும் ஒன்றுமில்லை என்றாய், நான் பொய் சொல்கிறாய் என்று அறைந்தேன். பிறகு பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனைக்கு வந்த டாக்டர்தான் உனக்குக் கரும்பலகையே தெரியவில்லை என்று சொல்லி அனுப்பினார். என் பட்டியலில் கண் இல்லை. உனக்கும் உன் கண்ணைப் பற்றித் தெரியாது, எல்லாருக்கும் அப்படித்தான் மங்கலாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன், மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அந்த அறைக்காக மன்னித்துவிடு.

இரண்டு வருஷம் கழித்து எங்கள் கம்பெனிக்கும் பிசினஸ் இன்டெலிஜென்ஸ் வந்தது. மிக்ஸிகள் வழக்கத்தைவிட அதிகமாகத் திரும்பி வரத் தொடங்கியிருந்தன, ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. புது சாஃப்ட்வேர் சொல்லிவிடும் என்று டைரக்டர் நம்பினார். நானும் நம்பினேன். பெரிய ஹாலில் எல்லாரையும் உட்காரவைத்து, திரையில் வட்டப்படத்தைப் போட்டேன். கிட்டத்தட்ட முழு வட்டமும் ஒரே சாம்பல் நிறம். அவ்வளவும் 'மற்றவை'. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். டைரக்டர் சிரிக்கவில்லை. கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும். "யாரு மாடித்து இது?" என்றார். யார் செய்தது இது என்று கேட்டார்.

முரளி, அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். நான் செய்தது சார் என்று சொல்லியிருக்க வேண்டும். தொண்டை வரை வந்தது என்று உன்னிடம் நல்லவள் வேஷம் போடமாட்டேன், வரவே இல்லை. வாயைத் திறந்ததும் "கவுன்ட்டர்ல டேட்டா என்ட்ரி கேர்லெஸ்ஸா பண்ணியிருக்காங்க சார்" என்றுதான் வந்தது. எனக்கு அப்போது அது பொய் மாதிரிகூடத் தெரியவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும்போது மனசு அவ்வளவு வேகமாக வேலை செய்கிறது. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார்கள். ஏன் எல்லாவற்றுக்கும் ஒன்றையே போட்டாய் என்று கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த பேப்பர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மாதக் கடைசியில் அவளுடைய காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால்கூட ஏதோ ஒரு கோழைத்தனம் என்று தள்ளியிருப்பேன். அவள் போன பிறகு கவுன்ட்டர் மேஜையைக் காலி செய்தபோது, அடி டிராயரில் அந்த நீள நோட்டு இருந்தது. கடைசி நாள் வரை எழுதியிருந்தாள். நான் கூடாது என்று சொன்ன பிறகும், இரண்டு வருஷமாக, சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அத்தனையும் எழுதியிருக்கிறாள். மிக்ஸியின் நம்பர், ஆள் சொன்ன வார்த்தை, தேதி. நான் மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு அந்த நோட்டை ஒவ்வொரு வரியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கரிஞ்ச வாசனை என்று வந்த மிக்ஸியெல்லாம் ஒரே சப்ளையரின் கம்பி சுற்றிய மோட்டார்கள் என்று, நம்பரை வைத்துப் பார்த்ததும், ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. மறுபடியும் அதே ஹால், அதே திரை. இந்தத் தடவை கை தட்டினார்கள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று டைரக்டர் கேட்டதற்கு, "சிஸ்டம் கண்டுபிடிச்சது சார்" என்றேன். அந்த வருஷம்தான் நான் டிபார்ட்மென்ட் ஹெட் ஆனேன். என்னைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கு வந்ததாக நீ உன் இன்டர்வியூவில் சொன்னாயே, அந்த அம்மா இவள்தான். அந்த நோட்டு இப்போது இல்லை, ஆபீஸ் இடம் மாறியபோது பழைய பேப்பரோடு போய்விட்டது.

மனசு உறுத்தியதால் அவளுக்கு நன்றாக வேலை செய்பவள் என்று ஒரு சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு காகிதத்துக்காகத்தான் அவள் வருஷா வருஷம் நம் வீட்டுக்கு வருகிறாள். எல்லாரும் திட்டினபோது மேடம் ஒருத்தர்தான் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று உன் எதிரிலேயே சொல்லியிருக்கிறாள். நீ கல்கல்லை வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டுவாய். நான் காபி போடுகிற சாக்கில் சமையல்கட்டுக்குப் போய்விடுவேன்.

உன் திட்டத்துக்கு வருகிறேன். அதில் மேலே இருப்பவர்கள் என்ன பார்க்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பாய், எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒன்பது பேர் ஒரு நாளாவது அந்தப் படங்களில் ஒன்றைப் பார்ப்பார்களா? தான் தட்டியது எங்கே போகிறது என்றே தெரியாதவன் எதற்காக மெனக்கெட்டுத் தேடித் தட்டப்போகிறான்? பட்டியலை யார் எழுதியது என்று கேள். பார்சலைத் திருப்பி எடுத்துவருகிற பையன்கள் சொல்கிற வார்த்தைகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார். எதுவுமே தானாக வந்து நிற்கக் கூடாது. பட்டியலுக்குப் பக்கத்தில் சொந்த வார்த்தையில் எழுத ஒரு வரி இடம் விடு. அதைக் கூட்டிக் கழித்துப் படம் போட முடியாது என்று உன் ஆட்கள் சொல்வார்கள். முடியாதுதான், மாதத்துக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து படிக்க வேண்டும். அந்த யாராவது யார் என்பதையும் பேர் போட்டுத் திட்டத்தில் எழுது. ஒரு கட்டம் முழுக்க 'மற்றவை' என்று வந்தால், நாம் கேட்ட கேள்வி சரியில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இதை யாராவது எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் என்று எழுத வந்தேன், வேண்டாம், ஸ்டெல்லா சொன்னாள், நான்தான் கேட்கவில்லை.

இதையெல்லாம் உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவளிடம் சொல்லாமல் முடியாது என்று தோன்றியது. வியாழக்கிழமை லிங்கராஜபுரத்துக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் நான் அவள் வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் ஒரு நர்சரி ஸ்கூலில் அவள் ஆயாவாக இருக்கிறாள். அங்கேயே ஆபீஸில் எழுத்து வேலை கொடுக்கிறோம் என்று இரண்டு முறை கேட்டார்களாம், இவள் மாட்டேன் என்றுவிட்டாள். "எழுதற வேலை எனக்கு ஒத்து வராது மேடம், தப்பு பண்ணிடுவேன். பசங்களுக்கு மூக்கு தொடச்சுவிடறதுல இன்னா தப்பு வந்துடப் போகுது" என்று சிரித்தாள். அதைக் கேட்ட பிறகு என்னால் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். ஸ்கிரீனை மாற்றியது நான், என்டர் தட்டச் சொன்னது நான், ஹாலில் பழியை உன் மேல் போட்டது நான், உன் நோட்டை வைத்துக் கைதட்டல் வாங்கியதும் நான் என்று ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட ஆசைப்பட்டேன்.

அவள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நோட்டுல எழுதினதாலதான் கம்ப்யூட்டர்ல கோட்டை விட்டேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் மேடம். அப்போ அது என் தப்பு இல்லையா?"

"இல்ல ஸ்டெல்லா. என் தப்பு."

அவள் அழவில்லை. எழுந்து உள்ளே போய், காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து என் எதிரில் நிறுத்தினாள். "ஷீபா, பையை வெச்சுட்டு இப்டி நில்லு. உங்க அப்பா கடைசி வரைக்கும் என்னைச் சொல்லிக்காட்டிக்கிட்டே இருந்தாரில்ல, ஒழுங்கா இருந்திருந்தா வேலை போயிருக்குமான்னு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "இன்னொரு தடவை சொல்லுங்க மேடம். இவளும் கேக்கட்டும்."

சொன்னேன், முரளி. உன்னைவிடச் சின்னப் பெண், கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவள் எதிரில் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டெல்லாவின் கணவர் போன வருஷம் இறந்துவிட்டார். அவருக்குச் சொல்ல எனக்கு வழியில்லை.

திங்கட்கிழமை மீட்டிங் பத்து மணிக்கு என்றாய். எட்டு மணிக்கே கிடங்குக்குப் போய் அந்த ஒன்பது பேரில் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார். அவர் வீட்டில் யாரும் இன்னும் அவரைக் குற்றம் சொல்லத் தொடங்கவில்லை.

அம்மா